வரி விடாமல் படித்தவர்கள்

"இதையா அச்சுக்குக் குடுத்தீங்க?"

மனைவி நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். வெல்டர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தார்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

சேவைச் சங்கத்தின் மாதப் பத்திரிகைக்கு 'நம்ம ஆளுங்க' என்று ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். பெயர் போடக் கூடாது, சிரிப்பு வர வேண்டும். "உங்க வாய்தான் வாய், எழுதுங்க தம்பி" என்று தலைவரே முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வெல்டர் மூன்று பேரை எழுதினார். ரத்ததான முகாமில் ஜூஸ் வரிசைக்கு மட்டும் முதல் ஆளாக வரும் மருந்துக்கடைக்காரர். இலவச முகாமில் போட்டோக்காரர் வரும்வரை நோயாளியை வாய் மூட விடாத பல் டாக்டர். வருஷம் பூராவும் மரம் அறுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள், போன வருஷம் செத்த கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதுக் கன்று நடும் மரமில் முதலாளி. அந்த முதலாளிதான் சங்கத் தலைவர்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

வெல்டரின் கை பொத்தானிலேயே நின்றது.

சங்கம் இந்த வருஷம் ஒரே ஒரு கட்டடம்தான் கட்டும். பத்து உறுப்பினர்களின் பெயரையும் கல்லில் வெட்டிய பஸ் நிறுத்தமா, பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறையா என்று ஞாயிற்றுக்கிழமை முடிவாகும். அந்தப் பள்ளியில்தான் வெல்டரின் மகள் ஏழாவது படிக்கிறாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, நாலு மணிக்குப் பையை வாசலிலேயே எறிந்துவிட்டு ஓடி வருவாள். போன மாதம் அடிவயிற்று வலியில் மூன்று நாள் சுருண்டு கிடந்தாள். அந்த மூன்று பெரிய கைகள் உயர்ந்தால் மற்றக் கைகள் தானாக உயரும் என்று வெல்டர் ஒரு வருஷமாக அவர்கள் பின்னாலேயே அலைந்திருந்தார்.

"மூணு கையையும் நீங்களே ஒடிச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

அச்சகத்துக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. அச்சகக்காரர் புதன்கிழமையே வீடு வீடாகக் கதவிடுக்கில் போட்டுவிடுவார். இன்று வியாழன்.

"நமக்கு வரலையே?"

"நம்ம தெருவுக்கு வந்தா உண்டு. அவங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்கும். நான் முந்திக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடுறேன்."

மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்திரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பத்திரிகை படிச்சீங்களா?"

"வரி விடாம படிச்சேன். பிரமாதம்!"

"கோவம் இல்லையே?"

"கோவமா? எதுக்கு?"

பெரிய மனசு என்று வெல்டருக்குக் கண் கலங்கியது. "அந்த ரத்ததான விஷயத்தைத்தான் சொல்றேன். சும்மா சிரிப்புக்கு எழுதினது."

கத்திரி நின்றது. கடைக்காரர் முகம் மெல்ல இறுகியது.

"ஓ... அந்த ரத்ததான விஷயம். அது என்னைச் சொன்னதா?"

வெல்டர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயய்யோ, நீங்க இல்லண்ணே! அது... பல் டாக்டர்."

"அப்படிச் சொல்லுங்க" என்றவர், வெல்டர் படி இறங்குவதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார்.

வெல்டர் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒரு கொத்தனாரின் வாயில் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரத்தத்துக்குப் பயந்தவனாய்யா? தினம் நான் பாக்குற ரத்தத்தை நீ ஒரு வருஷத்துல பாப்பியா?"

"பத்திரிகையைப் படிச்சிட்டீங்களா டாக்டர்?"

"படிக்காமலா பேசுறேன்? முழுசாப் படிச்சேன்!"

"அப்ப உங்களுக்கே தெரியுமே. அது நீங்க இல்ல. உங்களுது அந்த வாயைத் திறந்து வைக்கிற விஷயம் மட்டும்தான்."

"வாயைத் திறந்து வைக்கிற விஷயமா?"

கொத்தனார் திறந்த வாயோடு சிரித்தார். பஞ்சு எகிறி டாக்டரின் சட்டையில் விழுந்தது. வெல்டர் பதறிப்போனார்.

"அதுவும் நீங்க இல்ல டாக்டர். அது தலைவர்."

"தலைவரா? அவர் என்ன பல்லா புடுங்குறார்?"

"மேடையில ஏறினார்னா எல்லாரையும் கொட்டாவி விட வைக்கிறாரே, அதைச் சொன்னேன்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கொத்தனாரை அப்படியே விட்டுவிட்டுப் போனைத் தேடினார்.

வெல்டர் சைக்கிளை மிதித்தார். போன் அவரை முந்திக்கொண்டது. மரமில்லில் ரம்பம் ஓடும் சத்தத்தில் தலைவர் கத்தினார்.

"நான் பேசினா கொட்டாவி வருதா உனக்கு?"

"ஐயா, கொட்டாவின்னு நான் எழுதவே இல்ல!"

"என்ன? கேக்கல!"

"உங்களைப் பத்தி அந்தக் குழியை மட்டும்தான் எழுதினேன்!"

அந்த நேரம் பார்த்து ரம்பத்தை நிறுத்தினார்கள். கடைசிப் பாதி மில் முழுக்கக் கேட்டது. அறுப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழியை வருஷா வருஷம் தோண்டுவது அவர்கள்தான். ஒருவர் திரும்பி நின்று இருமினார்.

"எந்தக் குழி?" என்றார் தலைவர் தணிந்த குரலில்.

"படிச்சிருப்பீங்களே ஐயா. அந்த போட்டோ, கன்னு எல்லாம் சும்மா சிரிப்புக்குத்தான்."

"படிச்சேன், படிச்சேன். தலைவர் நான் படிக்காம வேற எவன் படிப்பான்? ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைவரை வெல்டருக்கு வேலை ஓடவில்லை. கிரில் கேட் ஒன்றில் கொக்கியைத் தலைகீழாகப் பற்றவைத்து, மறுபடி அறுத்தார். மகள் மட்டும், "நாளைக்குத்தானேப்பா கை தூக்குவாங்க?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

கூட்டத்தில் தலைவர் எழுந்தார். கொட்டாவி வந்தவர்கள்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

"நம்ம பத்திரிகையில ஒருத்தர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்."

"நான் மூணு தடவை" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு" என்றார் டாக்டர்.

"நாமெல்லாம் போட்டோவுக்குத்தான் சேவை செய்றோமாம்." தலைவர் மேசையில் குத்தினார். "நான் கேக்குறேன், கழிப்பறை முன்னாடி நின்னு எவனாவது போட்டோ எடுப்பானா? மாட்டான்! அதனாலேயே அதைக் கட்டுறோம். கல்லும் வேணாம், பேரும் வேணாம். கதவுக்கெல்லாம் மரம் என்னுது. போட்டோவுக்கு அலையுறவன் யாரோ, அவன் நான் இல்ல!"

"நானும் இல்ல!" டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார்.

"முதல்ல தூக்கினது நான், எழுதிக்குங்க" என்று மருந்துக்கடைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்தார். பத்துக் கைகளும் உயர்ந்தன. பத்தாவது கை வெல்டருடையது.

கைதட்டல் அடங்கும்போது வாசலில் அச்சகக்காரர் வந்து நின்றார். விரலெல்லாம் மை.

"வாய்யா, வா!" என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். "உன்னைத்தான் பாராட்டணும்னு இருந்தேன். இந்த மாசம் அச்சு அருமை. எழுத்து ஒவ்வொண்ணும் முத்து!"

அச்சகக்காரர் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மன்னிக்கணுங்க. உருளை உடைஞ்சு பத்து நாளாச்சு, இந்த மாசத்துது இன்னும் மிஷின்லயே ஏறல. யாருமே ஏன் வரலைன்னு கேக்காததால நானும் பேசாம இருந்துட்டேன்."