லெஸ்னா கம்மி

ஆங்கில இலக்கண வரலாற்றின் மாபெரும் திருப்பம், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் செக்‌ஷனில் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நிகழ்ந்தது என்பதை உலகத்தாருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

நிகழ்த்தியவர் செக்‌ஷன் இன்சார்ஜ் கோதண்டராமன். பத்தே நாளில் இங்கிலீஷ் கற்றவர். பன்னிரண்டு மணிக்கு, ஷூ கொள்முதல் செய்யும் ஜெர்மன் பையரம்மா வருகிறார். ஆர்டர் கிடைத்தால் இவர் மேனேஜர். மெயிலில் ஒரே வரிதான்: ஷூ 'லேஸ்லெஸ்'ஸாக இருக்க வேண்டும்.

"லேஸே வேணாங்கறாங்க சார்," என்றாள் தையல் மிஷினில் இருந்த மேகலா.

"இன்னாம்மா நீ! லேஸ் பெயர்ச்சொல். வால்ல லெஸ் ஒட்டினா பெயரடை. லெஸ்னா கம்மி. பாதியா வெட்டு!"

வெட்டினாள். முடிச்சு விழவில்லை.

"கட்டவே வரல சார்."

அதற்குள் அடுத்த மெயில்: 'லேஸ்லெஸ்னெஸ்' மிக முக்கியம்.

கோதண்டராமன் துள்ளி எழுந்தார். "பாத்தியா! நெஸ் வந்தா பெயரடை திரும்பப் பெயர்ச்சொல்லாயிடும். ரெண்டு வால் வெச்சு அழுத்திச் சொல்றாங்க. இன்னும் கம்மி பண்ணு!"

ஓட்டைக்கு வெளியே ஓர் அங்குலம் மிஞ்சியது. ஷூவுக்கு மீசை முளைத்துவிட்டது.

"ஒரு மணி நேரம் குடுங்க சார், வேற ஜோடி தெச்சிடறேன்."

"நீ தையல்ல கை வை. கிராமர்ல வெக்காத!"

பையரம்மா வந்தார். ஷூவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பிரைஸ்லெஸ்!" என்றார்.

கோதண்டராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரைஸ் என்றால் விலை. லெஸ் என்றால்? ஆர்டரை நழுவ விடுவாரா மனுஷன்! ரேட் ஷீட்டைப் பிடுங்கி, ஜோடி இரண்டாயிரம் என்றிருந்ததை அடித்து ஆயிரமாக்கி நீட்டினார்.

"சார், அவங்க சும்மா சிரிக்கிறாங்க, அது வெல பேசறது இல்ல…"

"உஷ்! பெரியவங்க பிசினஸ் பேசறப்போ குறுக்க வராத."

பையரம்மா சிரிப்பை நிறுத்தினார். தாளைப் படித்தார். இருபதாயிரம் ஜோடிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரும் மனம் மாறுவதற்குள் காரில் ஏறிவிட்டார்.

முதலாளி உமர் ஃபாரூக் தாளை ஒருமுறை பார்த்தார். கண்ணாடி போட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"கோதண்டராமன், நாளைலேர்ந்து நீங்க ஜாப்லெஸ்."

கோதண்டராமன் செக்‌ஷனுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"மேகலா! எனக்கு வேலை கம்மியாம்! மேனேஜர்னா பின்ன எப்படி? இரு, எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன்!"

மறுநாள் காலை, அவர் தினமும் ஏறும் மாதனூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் அவருக்காக நிற்கவில்லை.