கன்னத்தில் மூன்று சாம்பிள்

சாம்பிள் பார்க்காமல் சாம்பிள் அண்ணன் இந்த உலகத்தில் ஏற்றுக்கொண்டது அவருடைய பிறவி ஒன்றைத்தான். அதற்கும் முன்கூட்டியே கேட்டிருந்தால், ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அவர் வீட்டு மாடியில் நான் நாலு வருஷம் குடியிருந்தேன். மலையில் விளையும் கேரட்டையும் பீன்ஸையும் தோட்டத்திலேயே விலை பேசி வாங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி ஏற்றுவது அவர் தொழில். மூட்டையின் மேலே இருக்கும் கேரட்டைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை எடுத்துக் கடிப்பார். நான் வீடு கேட்டு வந்தபோது, "மூணு நாள் சும்மா தங்குங்க சார்" என்றார். என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்துபோனேன். நாலாம் நாள்தான் அட்வான்ஸ் வாங்கினார். நான் எத்தனை பக்கெட் வெந்நீர் செலவழிக்கிற ஆள் என்று அந்த மூன்று நாளும் கணக்கெடுத்திருக்கிறார்.

அவர் மனைவி செல்வி அக்கா பஸ் நிற்கும் இடத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் எண்ணெய் தெறித்து இடது கன்னம் வெந்துவிட்டது. புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. மறுபடி கடை திறந்த அன்றே ஒரு டூரிஸ்ட் குழந்தை அக்காவைப் பார்த்து வீறிட்டு அழுதது. குழந்தையின் அம்மா நாலு தடவை "சாரி" சொன்னது அதைவிட மோசம். அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போன அக்கா எட்டு மாதம் வெளியே வரவில்லை. பால்காரருக்குக்கூடக் கதவிடுக்கில் பாத்திரம் மட்டும்தான் நீளும்.

இதற்கு லேசர் இருக்கிறது என்று யாரோ ஒரு லாரி டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளனே அண்ணன் மாடியேறி வந்தார்.

"சார், பழைய தோலைச் சீவிட்டுப் புதுத்தோல் வர வைக்கிறாங்களாம்ல. போன்ல போட்டுப் பாருங்க. எந்த ஊர்ல என்ன ரேட்டு போகுது?"

போட்டேன். அன்றோடு என் போன் என் கையை விட்டுப் போனது. மழை வருமா என்று பார்க்கப் போனாலும் விளம்பரத்தில் ஒரு பெண் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தாள். ஓரிடத்தில் ஒரு சிட்டிங் நாலாயிரம் 'முதல்'. அந்த 'முதல்' எறும்பு எழுதிய எழுத்தில் இருந்தது. ஓரிடத்தில் முகத்துக்கும் ஆடித் தள்ளுபடி. இன்னோரிடத்தில் நண்பரைக் கூட்டிவந்தால் நண்பருக்குப் பாதி விலை. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நாலாயிரங்கிறது ஏத்துக்கூலி, எறக்குக்கூலி சேத்தா, சேக்காமலாங்க?"

மறுமுனையில் இருந்த பெண் குழம்பிப்போய், மரத்துப்போகிற கிரீம் தனி, வெயிலுக்குப் பூசுகிற கிரீம் தனி, டாக்டர் பீஸ் தனி என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். நாலாயிரம் ஒன்பதாயிரமாகி நின்றது. நான் ஒரு வாரம் தேடியும் எந்தப் பக்கத்திலும் கிடைக்காத விவரம் அது.

கோயம்புத்தூரில் ஒருவர், தங்களுடையது கார்பன் டை ஆக்சைடு லேசர், அதனால் பதினைந்தாயிரம் என்றார். அது என்ன என்று அண்ணன் கேட்க, சோடாவில் இருக்கிற கேஸ்தான் என்று நான் வாயை விட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சோடா கேஸுக்கா பதினஞ்சாயிரம்? ஒட்டன்சத்திரத்துல பாட்டிலோட குடுக்குறான் சார்."

கடைசியில் நாலு இடத்தைச் சலித்தெடுத்து, நேரில் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் திண்டுக்கல். அண்ணன் மாட்டுச் சந்தையில் தரகராகத் தொடங்கியவர். அங்கே விலையை நாலு பேர் காதில் விழச் சொல்லமாட்டார்கள். கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் பேரம். கிளினிக்கில் டை கட்டிய மேனேஜர் பேக்கேஜ் விலையைச் சத்தமாகச் சொன்னதும் அண்ணனுக்குக் கூசிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மேனேஜரின் கைமேல் போட்டு, அடியில் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார்.

மேனேஜர் வெளிறிப்போனார். "சார், பல்ஸ் எல்லாம் டாக்டர்தான் சார் பார்ப்பாங்க."

"சத்தம் போடாதீங்க தம்பி, வெளிய தெரிஞ்சிரும்" என்று அண்ணன் இன்னொரு விரலையும் பிடித்தார்.

ஓடிவந்த செக்யூரிட்டி வேடசந்தூர்ப் பக்கத்து ஆள். துண்டைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனை விரல் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டார். "மூவாயிரம் கொறைக்கச் சொல்றாரு சார். நீங்க ஒரு விரலைப் பிடிங்க, ஆயிரத்துல வந்து நிப்பாரு" என்று மேனேஜர் காதில் ஓதினார். மேனேஜரோ கையையே உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். பேரம் முறிந்தது என்று அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்தவை மதுரை, கோயம்புத்தூர், திருச்சி. மூன்று இடத்திலும் டாக்டர்கள் ஒன்றையே சொன்னார்கள். நம் தோலில் லேசர் பட்டால் சிலருக்குக் கறுத்துவிடும், அதனால் முதலில் ஓரமாகச் சின்ன இடத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப என் மூஞ்சில அடிங்க" என்றார். வாலிபத்துப் பருக்கள் அவர் கன்னம் முழுக்கக் குழி பறித்து வைத்திருந்தன.

"உங்க தோல் வேற, அவங்க தோல் வேற" என்றார் மதுரை டாக்டரம்மா.

"தோலு வேறதாம்மா. அடிக்கிற கை ஒண்ணுதான? கையைத்தான் நான் பாக்கணும்."

ஒரு மாதத்துக்குள் மூன்று ஊரில் மூன்று சதுரம். வலது கன்னத்தில் மதுரை, இடது கன்னத்தில் கோயம்புத்தூர், தாடையோரம் திருச்சி. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே தோட்டம் தோட்டமாக அலைந்தார். நான் விசாரித்தால், "மதுரை காஞ்சிருச்சு. கோயம்புத்தூர் இன்னும் செவப்பாக் கெடக்கு" என்று நிலவரம் சொல்வார்.

கோயம்புத்தூர் கறுத்துப்போனது. மற்ற இரண்டும் சுத்தமாக ஆறின. திருச்சிக்காரர் விலையும் குறைவு, தழும்பு நூறு சதவீதம் போய்விடும் என்று எழுதியே கொடுப்பதாகச் சொன்னார். மதுரை டாக்டரம்மாவோ, பாதி போனாலே அதிர்ஷ்டம், அதற்கே நாலு சிட்டிங் ஆகும் என்றார். விலையும் கூடுதல். அண்ணன் மதுரை என்றார். நான் சண்டைக்குப் போனேன்.

"சார், அழுகல் எங்க இருக்குன்னு காட்டி விக்கிறவன்கிட்டதான் நான் கண்ணை மூடிட்டு வாங்குவேன். அந்தம்மா மூட்டையவே கொட்டிக் காமிச்சிருச்சு."

அக்காவை வரச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. அண்ணன் உள்ளே போய் மஃப்ளரை அவிழ்த்தார். நான் வாசலில் நின்றேன்.

"இந்தா, இதுதான் மதுரை. தொட்டுப் பாரு. வலிக்கும், தாங்கிரலாம். மூணுலயும் பட்டுட்டுத்தான் சொல்றேன், பயப்படாம வா."

அக்கா மூன்று சதுரத்தையும் தடவிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று திட்டத் தொடங்கியவர் பாதியில் அழுதுவிட்டார். மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

நாலு சிட்டிங் முடிந்தது. டாக்டரம்மா சொன்னபடி பாதிதான் போனது. அக்கா கடை திறந்த அன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். அண்ணன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதைக் காட்டினாலும் எத்தனாம் ரகம் என்று பட்டென்று சொல்லிவிடுகிற மனிதராயிற்றே.

"எப்படிண்ணே இருக்கு? போட்ட காசு தேறுமா?" என்று காதோடு கேட்டேன்.

அக்காவை வெகுநேரம் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தெரியல சார். முன்னாடி எப்படி இருந்தா, நடுவுல எப்படி இருந்தான்னு யோசிச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. எனக்கு எப்பவும் செல்வி மூஞ்சியாத்தான் இருந்திருக்கு."

என் கண் கலங்கிவிட்டது. என்ன தம்பி என்று அக்கா கேட்டதும், காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். நான் தின்றுகொண்டிருந்தது வாழைக்காய் பஜ்ஜி.