மரங்கொத்தி தட்டிப் பார்த்த மஞ்சள் கார்

ஒரு காட்டில் பழைய கார் சந்தை ஒன்று இருந்தது. காட்டில் எதற்குக் கார் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மிருகம் பேசும் என்றால் நம்புகிறீர்கள், கார் வாங்கும் என்றால் மட்டும் நம்ப மாட்டீர்களா?

அந்தச் சந்தையில் வல்லி என்று ஒரு மரங்கொத்தி இருந்தாள். வண்டி வாங்க வருகிறவர்களுக்கு அதைச் சோதித்துச் சொல்வது அவள் தொழில். அலகால் வண்டியின் உடம்பைத் தட்டுவாள். 'டண்' என்று கேட்டால் தகரம். 'தொப்' என்று கேட்டால் அங்கே அடிபட்டிருக்கிறது, பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். வித்தை அவ்வளவுதான். ஆனால் காட்டில் வேறு யாருக்கும் அது வராது. கூலி ஒரு இலை நிறையப் புழு.

வல்லிக்கு உள்ளதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. வண்டி குப்பை என்றால் குப்பை என்பாள். இதுவரை ஏழு பேருக்குப் பார்த்துச் சொல்லியிருந்தாள். ஏழு பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஏழு பேரும் அதே வண்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். காட்டுப்பன்றி வாங்கிய ஜீப் மூன்றாம் நாள் ஓடையில் நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது, தவளைகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன.

"எட்டாவது ஆளாவது என் பேச்சைக் கேட்கணும். இல்லைன்னா தொழிலை விட்டுட்டுப் பழையபடி மரத்தைக் கொத்திப் பிழைச்சுக்கிறேன்" என்று வல்லி முடிவெடுத்திருந்தாள். அது சும்மா விட்ட சவடால் இல்லை. மரம் கொத்துவது அவளுக்கு அறவே பிடிக்காது. சாயங்காலமானால் மண்டை இடிக்கும்.

எட்டாவது ஆளாக வந்தவர் கொம்பையா. மிளா. மான் இனத்திலேயே பெரிய உருவம், தலையில் காய்ந்த மரம் மாதிரிக் கொம்பு. கூடவே அவர் மனைவி முத்தரசி. வல்லியை வரச்சொன்னதே முத்தரசிதான்.

"வல்லி, இவருக்கு வண்டி பிடிச்சிருச்சு. அது வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சிருச்சு. ரெண்டு குட்டிகளையும் பள்ளிக்கூடத்துக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏத்தி இறக்கணும். வண்டி தாங்குமான்னு மட்டும் எனக்குச் சொல்லு."

"கேட்பீங்களா மதினி?"

"கேட்கத்தானே கூப்பிட்டேன்?"

வல்லிக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஏழு பேரில் ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை.

வண்டி ஆலமரத்து நிழலில் நின்றது. பலாச்சுளை மஞ்சள். நாலு கதவு ஸ்போர்ட்ஸ் செடான், பின் சக்கரம் தள்ளுகிற ரகம். அதன்மேல் வயிறு ஒட்டப் படுத்திருந்தான் உடும்பு வேலப்பன். சந்தையிலேயே பெரிய புரோக்கர். பிடித்த ஆளை விட்டதாகச் சரித்திரம் கிடையாது.

"வாங்க அண்ணாச்சி! உங்களுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கு. மத்த வண்டியெல்லாம் முன் சக்கரம் இழுக்கிற வண்டி. மாட்டு வண்டி மாதிரி. இது அப்படி இல்ல. நீங்க ஓடும்போது எந்தக் கால் உங்களைத் தள்ளுது?"

"பின்னங்கால்தான்" என்றார் கொம்பையா.

"இதுவும் பின்னங்கால்ல ஓடுற வண்டி. உங்க சொந்தக்காரன்!"

கொம்பையா உருகிப்போனார். ஆனால் அவர் விழுந்த இடம் அது இல்லை. வண்டியின் கூரையில் ஒரு ஜன்னல் இருந்தது. இவ்வளவு காலமும் கொம்பு இடித்து எந்த வண்டியிலும் அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்ததில்லை. மச்சினன் கல்யாணத்துக்கே டிக்கியில் படுத்துத்தான் போனார். இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கூரை வழியாகக் கொம்பை வெளியே நீட்டினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

நம் கதை முடியவில்லை. வல்லி வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் பானெட்டில் போய் உட்கார்ந்தாள். உடனே துள்ளி எழுந்தாள். "சுடுது. காலையிலேயே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கீங்க. பேட்டரி சாகக் கிடக்கு, ஆறின வண்டி தள்ளாம கிளம்பாது. சரிதானே?"

"வெயில்ல நிக்குது பாப்பா."

"நிழல்ல நிக்குது."

"நேத்து வெயில்ல நின்னுச்சு."

இடது பக்கக் கதவைத் தட்டினாள். தொப். பின் பம்பருக்கு மேலே தட்டினாள். தொப், தொப். "ஒரு பக்கம் முழுக்கப் பட்டி. எங்கேயோ மரத்துல வச்சு இடிச்சிருக்காங்க."

"மரம்தான் வந்து இடிச்சுது" என்றான் வேலப்பன். "ஒரே ஓனர் வண்டி தாயி. ஒரு ஆமை வச்சிருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். இருபதைத் தாண்டினதே இல்ல."

வல்லி குனிந்து டயர்களைப் பார்த்தாள். முன் டயர் இரண்டும் வரிப்பள்ளம் தேயாமல் புதுசு மாதிரி இருந்தன. பின் டயர் இரண்டும் மொட்டை. ஓரத்தில் நூல் தெரிந்தது.

"ஆமை வாத்தியார் ஓட்டின வண்டியில பின் டயர் மட்டும் எப்படி வழிச்செடுத்த மாதிரி மொட்டையாகும்? யாரோ இதை நிறுத்தி வச்சு, ஆக்ஸிலேட்டரை மிதிச்சு, சக்கரத்தைச் சும்மா சுத்தவிட்டுப் புகை கிளப்பி விளையாடியிருக்காங்க."

"வாத்தியாருக்கு ஒரு பையன் உண்டு" என்று வேலப்பன் முணுமுணுத்தான்.

எஞ்சினுக்குள் தலையை விட்டாள். ரேடியேட்டர் ஹோஸ் பைப் வெடித்திருந்தது. வெடிப்பைக் கற்றாழை நாரால் கட்டி வைத்திருந்தார்கள். ஆயில் தார் மாதிரி இருந்தது. கடைசியாக டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

"டயர் எங்கே?"

"டயர் பஞ்சரானா என்ன செய்வோம்? கண்ணு பட்டுருச்சுன்னு பூசணிக்காய் உடைப்போம். அதான் நேரடியா அதையே வச்சிருக்கேன்."

வல்லி ஆய்வு அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். புரோக்கர் சங்கம் அச்சடித்த படிவம். கடைசிக் கேள்வி: 'இந்த வண்டியை வாங்கலாமா?' அதற்குக் கீழே ஒரே ஒரு கட்டம், அதில் 'ஆம்'. வல்லி பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தை அலகால் ஓட்டை போட்டு உண்டாக்கி, 'கூடவே கூடாது' என்று எழுதினாள்.

"அண்ணே, மதினி, ரெண்டு பேரும் கேளுங்க. பின் சக்கரம் தள்ளுற வண்டியில பின் டயர்தான் உசிரு. அது மொட்டை. ஈர வளைவுல வால் வழுக்கும். அப்புறம் ஹோஸ் பிச்சுக்கும், எஞ்சின் சூடாகும். அப்புறம் நிக்கும். நின்னா தள்ளணும். வேண்டாம்."

முத்தரசி புருஷனைப் பார்த்தாள். கொம்பையா கண்ணாடியைப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடுவோமே" என்றார்.

ஓட்டினார். பக்கத்தில் வேலப்பன், பின்னால் முத்தரசி. கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொம்பில் வல்லி. நேர் ரோட்டில் வண்டி அம்பாகப் பறந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஓடும்போது அருமையான வண்டிதான். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. வல்லிக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கி ரோடு நனைந்திருந்தது.

"மெதுவா!" என்று வல்லி கத்தினாள்.

கொம்பையா மிதித்தார். வண்டியின் வால் வெளியே போனது. வால் போன பக்கமே மூக்கும் போனது. மலை, பள்ளம், மலை, பள்ளம் என்று எல்லாம் இரண்டு தடவை வந்து போயின. வண்டி வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முயல் உட்காரலாம். அதுவும் ஒல்லியான முயலாக இருந்தால்.

"ஆகா! திரும்புறதுக்கு இடமே தேவைப்படல பார்த்தியா?" என்றார் கொம்பையா.

அப்போது பானெட்டுக்குள் 'டப்' என்று சத்தம். கற்றாழை நார் அறுந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் கீழே இறங்கினார்கள். தான் பேசவேண்டிய தேவையே இல்லை என்று வல்லி நினைத்தாள். இந்தத் தடவை வண்டியே பேசிவிட்டது. எட்டாவது ஆள் கேட்டுவிட்டார்.

கொம்பையா ஆவியைப் பார்த்தார். பிறகு மெல்ல வல்லியின் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள. நீ வழுக்கும்னு சொன்னே. வழுக்குச்சு."

"ஆமா அண்ணே."

"சூடாகும்னு சொன்னே. சூடாச்சு."

"ஆமா."

"நிக்கும்னு சொன்னே. நின்னுடுச்சு. இப்போ தள்ளணும். சொன்ன வரிசை மாறாம நடந்திருக்கு." கொம்பையாவின் குரல் இறங்கியது. "நீ பார்க்கிற வரைக்கும் வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

வேலப்பன் விடுவானா? "நான் வாயைத் திறக்கலை அண்ணாச்சி, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. கண்ணு! காட்டுப்பன்றி ஜீப்பும் இவ பார்த்த வண்டிதான். ஏழு வண்டி பார்த்தா, ஏழும் படுத்துடுச்சு. ஒண்ணு ரெண்டுன்னா தற்செயல். ஏழுக்கு ஏழுன்னா?"

"ஏழும் ஓட்டை வண்டி!" என்று வல்லி கத்தினாள். "எனக்குக் கண்ணு மண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, ஒரு பொருளை நேராப் பார்க்கவே முடியாது! மதினி, நீங்களாவது சொல்லுங்க!"

முத்தரசி வல்லியின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "நான் உன்னை நம்புறேன் வல்லி. நீ சொன்னா நடக்குது. அதான் பயமா இருக்கு. என் குட்டிகளை மட்டும் பார்த்துடாதே."

பூசணிக்காய் உடைந்தது. வேலப்பன் ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான். நாரை இன்னும் இறுக்கிக் கட்டினான். கொம்பையாவும் முத்தரசியும் பின்னாலிருந்து தள்ள, வண்டி கிளம்பிவிட்டது.

"பார்த்தீங்களா? காய் உடைஞ்சது, கிளம்பிடுச்சு" என்றான் வேலப்பன்.

கொம்பையா அன்றே வண்டியை வாங்கினார்.

வல்லி சொன்னபடி தொழிலை விட்டாள். ஒரு தேக்கு மரத்தில் ஏறி, காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொத்த ஆரம்பித்தாள். சாயங்காலம் மண்டை இடித்தது. இரண்டாம் நாளும் இடித்தது. குட்டிகள் அந்த மொட்டை டயரில் பதினாலு வளைவு ஏறி இறங்குவது ஞாபகம் வரும்போதெல்லாம் இன்னும் வேகமாகக் கொத்தினாள்.

மூன்றாம் நாள் காலையில் கீழே யாரோ செருமினார்கள். கொம்பையா. நடந்து வந்திருந்தார்.

"வல்லி, தாயி. வண்டி மறுபடி படுத்துடுச்சு. பூசணிக்காய் ஒன்பது உடைச்சாச்சு. ரோடெல்லாம் பூசணிக்காய், அதுல வேற வழுக்குது. நீ வச்ச கண்ணை நீதான் எடுக்கணும்."

வல்லிக்குக் கோபம் கொண்டைவரை ஏறியது. 'டயரை மாத்துய்யா' என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். டயர் மொட்டை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. உண்மையாகச் சொல்லியாகிவிட்டது. யார் கேட்டார்கள்?

அவள் கண்ணை மூடினாள். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

"கண்ணு எங்கே உட்கார்ந்திருக்குன்னு தெரியுது. பின் டயர் ரெண்டுலயும் இருக்கு."

"ஐயோ!"

"அந்த ரெண்டையும் காட்டு எல்லைக்கு வெளியில வீசணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. புது டயர் ரெண்டு போடணும். பழசை வாங்கிப் போட்டா கண்ணு குட்டி போடும்."

"சரி தாயி. சரி."

"கருப்பா ஒரு எண்ணெய் இருக்கும். அது கண்ணோட ரத்தம். கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கிட்டுப் புதுசு ஊத்தணும். ஹோஸ் பைப்பைச் சுத்தி நார் கட்டியிருக்கும், அது வேலப்பன் போட்ட கட்டு. பைப்போட கழட்டித் தூரப் போடு. பேட்டரியையும் மாத்து. ஸ்டெப்னி குழி காலியா இருந்தா கண்ணு அதுலதான் வந்து படுக்கும், ஒரு டயரை வச்சு மூடு."

கொம்பையா ஒன்றுவிடாமல் இலையில் எழுதிக்கொண்டார். "எலுமிச்சம்பழம்?"

வல்லி பெருமூச்சு விட்டாள். "ஒண்ணு வச்சுக்கோ."

மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஒரு காரியத்தைக்கூட அவர் தள்ளிப் போடவில்லை, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டி அதற்குப் பிறகு ஈர வளைவிலும் ஆணி அடித்த மாதிரி ரோட்டைப் பிடித்து ஓடியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் கொம்பையா சொன்னார், "எல்லாம் அந்த எலுமிச்சம்பழம்தான்."

அந்த வாரமே தேக்கு மரத்தடியில் வரிசை நின்றது. காட்டுப்பன்றி தவளைகளோடு வந்திருந்தது. டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. வல்லி ஒவ்வொரு வண்டியையும் தட்டினாள், கண்ணை மூடினாள், பிரேக் கட்டையில் கண்ணு, கிளட்ச் தட்டில் கண்ணு என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லாரும் மாற்றினார்கள். கூலி இரண்டு இலைப் புழு. மரம் கொத்தும் வேலை முடிந்தது. மண்டை இடிப்பதும் நின்றது.

ஒருநாள் மஞ்சள் கார் வந்து நின்றது. பின் சீட்டில் குட்டிகள் இரண்டும் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன. முத்தரசி மட்டும் இறங்கி மரத்தடிக்கு வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வல்லி, நிஜத்தைச் சொல்லு. கண்ணெல்லாம் ஒண்ணும் இல்லதானே? டயர் தேஞ்சுபோயிருந்தது, அதுதானே காரணம்?"

"ஆமா மதினி."

முத்தரசி அவளை வருத்தமாகப் பார்த்தாள்.

"அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள?"

வல்லி தேக்கு மரத்தில் தலையை ஒரே ஒரு தடவை மோதிக்கொண்டாள்.

நீதி: உண்மையைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் கூடவே ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தனுப்புங்கள். பாராட்டு அதற்குப் போகும், டயராவது மாறும்.