வலமாகச் சுற்றும் ரம்பம்

சைதாப்பேட்டை ஆற்றோரத்துக்கு வரும் அரசாங்கக் கடிதங்களில் கோபமே இருக்காது. "பெருமதிப்பிற்குரிய குடியிருப்போருக்கு" என்று ஆரம்பித்து, "தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடும்" என்று முடியும். நடுவில் வீட்டை இடிக்கப்போகிற தேதி இருக்கும்.

செம்பியனுக்கு வந்த கடிதமும் மரியாதைக்குக் குறைவில்லாமல்தான் வந்தது. ஆற்றோரத்தில் இயங்கும் தொழிற்கூடங்கள் இருக்கலாமாம். இயங்காத கட்டுமானங்கள் முப்பது நாளில் அகற்றப்படுமாம். அகற்றப்படுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் வீடு. செம்பியனின் மனைவி சுலோச்சனாவுடைய அக்காவுக்கு அந்தப் பாக்கியம் போன வருஷமே கிடைத்துவிட்டது. அங்கிருந்து சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்றாவது பஸ் வராது.

செம்பியனும் சுலோச்சனாவும் குடியிருந்தது, அவளுடைய அப்பா விட்டுப்போன, மரம் அறுக்கும் சா மில்லின் பின்பக்கத்தில். முன்னால் மில், பின்னால் அடுப்பு, பாய், டிவி. மாமனார் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் போன மாதமே மோட்டாரும் போனது. அப்புறம் பெல்ட், தண்டவாளம், டிராலி என்று ஒவ்வொன்றாகக் காலாற நடந்து போய்விட்டன. மிஞ்சியது வட்ட ரம்பத்தின் பிளேடு ஒன்றுதான். மூன்றடி அகலம், ஒரு ஆளால் தூக்க முடியாது. அதனால் அது நேர்மையாக இருந்தது. அதன்மேல் சுலோச்சனா வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பது நாள் கீது," என்றாள். "இன்னா பண்ணப்போற?"

"ஓட வச்சிடறேன்."

"யாரை?"

"மில்லை."

சுலோச்சனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். செம்பியனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அடையாறில் ஒரு அபார்ட்மென்டில் ராத்திரி வாட்ச்மேன். தண்ணீர் மோட்டாருக்கு உயிர் கொடுப்பது, ஜெனரேட்டரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அங்கே யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டவர். அப்படிக் கற்றுக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. எதெல்லாம் தனக்குத் தெரியாது என்று கடைசிவரை தெரியாமலே இருக்கலாம்.

தெரு எலெக்ட்ரீஷியன் ஷரஃபுதீனைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் அலைந்தார். மூடிப்போன மாவு மில்லின் மோட்டார் வந்தது. தண்ணீர் லாரி ஒன்றின் ஷாஃப்ட் வந்தது. மெயின் சுவிட்ச் ஒரு கல்யாண மண்டபத்துடையது, அதன்மேல் இன்னும் "நாதஸ்வரம் மைக்" என்று எழுதியிருந்தது. புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய இரும்பு கேட்டை வெட்டித் தண்டவாளம் ஆக்கினார்கள். மரத்தை ரம்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் டிராலிக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் வண்டிச் சக்கரங்கள் நான்கு. அன்று முதல் மில் வாசலில் பூனைகள் வந்து உட்கார ஆரம்பித்தன.

"ஓடுமா பாய்?" என்று கேட்டார் செம்பியன்.

"ஓடும் நைனா. எந்தப் பக்கம் ஓடும்னுதான் சொல்ல முடியாது."

அறுப்பதற்கு மரமும் தயார். புயலில் விழுந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்றை அபார்ட்மென்டில் சும்மா எடுத்துப் போகச் சொன்னார்கள். அதை அறுத்துத் தனக்கு ஒரு கட்டில் செய்துகொள்ள வேண்டும் என்று செம்பியனுக்கு ஒரு ஆசை இருந்தது. பகலில் தூங்குகிறவனை உலகம் சோம்பேறி என்கிறது. கட்டிலில் படுத்தால் கொஞ்சம் மதிப்பாக இருக்கும்.

இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பூஜை போட்டார்கள். சுவரில் மாமனார் காலத்து முருகன் படம். பிளேடுக்குச் சந்தனம், மோட்டாருக்குப் பூ. ஷரஃபுதீன் சுவிட்சைப் போட்டார். மில் ஒரு உறுமு உறுமி, நடுங்கி, ஓடியது. ஓடியதோடு நிற்காமல் அறுக்கவும் அறுத்தது. மரத்துக்குள் ரம்பம் இரண்டு விரற்கடை இறங்கி, ஒரு கை மரத்தூளைப் பொழிந்தது. அந்தச் சத்தத்தில் சுலோச்சனாவின் கையிலிருந்த குங்குமச் சிமிழ் தூள்மேல் கவிழ்ந்தது.

செம்பியன் கண்ணில் தண்ணீர். தூள் விழுந்ததா, சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

"நிறுத்துய்யா," என்றாள் சுலோச்சனா. "இடமா சுத்துது."

"சுத்துனா இன்னா? அறுக்குது பாரு."

"சாவு வூட்ல கொள்ளிக்குடம் தூக்கினு சுத்தற மாதிரி சுத்துது. மொத நாளே இப்படிச் சுத்துனா வூடு வெளங்குமா?"

ஷரஃபுதீன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, அந்தாண்ட போய் நின்னுக்கினு பாருங்க. வலமாத் தெரியும்."

"அந்தாண்ட சுவரே இல்லியே பாய், மரம் வர்ற வழி. முருகரு இந்தாண்டதான் கீறாரு. அவரு பாக்கறதுதான் கணக்கு."

அடுத்தவர் சாமி விஷயத்தில் ஷரஃபுதீன் வாதம் செய்கிறவர் இல்லை. மோட்டாரில் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டார். இப்போது ரம்பம் வலமாகச் சுற்றியது. பல்லெல்லாம் பின்பக்கமாக ஓடின. "ஒரு மணி நேரம் பூஜை முடியட்டும் நைனா. அப்புறம் திருப்பிக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை," என்று செம்பியன் காதில் சொன்னார்.

கற்பூரம் காட்டும்போது, கடிதம் அனுப்பிய துறையின் ஆய்வாளர் பாலகணேஷ் உள்ளே வந்தார். ஏழு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அரசாங்கம் தாமதிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு அது இப்படித்தான் பாடம் புகட்டும்.

அவர் கையில் டேப்லெட், அதில் படிவம், படிவத்தில் கட்டங்கள்.

"இயந்திரத்தின் வயது?"

"பிளேடு அறுபது சார். மோட்டாரு இருபது. சக்கரம் பதினாலரை, போன மாசம் வரைக்கும் மீன் வித்துக்கினு இருந்துச்சு."

"ஒரு வயசுதான் போட முடியும். கட்டம் ஒண்ணுதான்."

பாலகணேஷ் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார். முப்பத்தொன்றரை வந்தது. கட்டம் அரையை ஏற்கவில்லை. முப்பத்திரண்டு என்று போட்டார். செம்பியன் தன்னைப் பற்றி யோசித்தார். முழங்காலில் ஸ்டீல் தகடு, மேல்வரிசையில் நாலு கட்டுப்பல், இடது கண்ணில் புது லென்ஸ். கூட்டி வகுத்தால் அவருக்கும் நாற்பதுக்குள்தான் வரும். இந்தத் துறை இவ்வளவு கருணையானது என்று அவர் நினைத்ததில்லை.

"சுழலும் திசை?"

"வலம்," என்றாள் சுலோச்சனா, செம்பியன் வாயைத் திறக்குமுன்.

மரம் வரும் வழியில் நின்ற பாலகணேஷ் உற்றுப் பார்த்தார். "எனக்கு இடமாத்தானேம்மா தெரியுது."

"இந்தாண்ட வாங்க சார். முருகர் பக்கம்."

வந்தார், பார்த்தார், ஒப்புக்கொண்டார். "வலம், முருகன் படம் இருக்கும் பக்கத்திலிருந்து காணுங்கால்" என்று பதிவு செய்து, ஆதாரத்துக்கு முருகனையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "சரி, ஒரு மரத்தைத் தள்ளுங்க பார்ப்போம்."

செம்பியன் தள்ளினார். ரம்பம் மரத்தைத் தேய்த்தது. புகை வந்தது, கருகல் வாடை வந்தது. அறுபடவில்லை.

எட்டாவது மாடி செம்பியன் கண்முன் எழுந்து நின்றது. "சார், ரெண்டு ஒயரு. மாத்துனா வெண்ணெய் மாதிரி அறுக்கும். ரெண்டே நிமிஷம்."

"மாத்தாதீங்க," என்றார் பாலகணேஷ் அவசரமாக.

"சார்?"

"அறுத்தா இது மரம் அறுக்கிற மில்லு. அதுக்கு அஞ்சு ஆபீஸ் கையெழுத்து வேணும். சத்தத்துக்கு ஒண்ணு, தூளுக்கு ஒண்ணு, மரம் எங்க வளர்ந்துச்சுன்னு ஒண்ணு. அறுக்கலேன்னா நான் ஒருத்தனே போதும்." குரலைத் தணித்தார். "படிவத்துல 'இயங்குகிறதா'ன்னுதான் கேட்டிருக்கு. 'அறுக்கிறதா'ன்னு கேட்கலை. நான் இருபது வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். என்னையும் அப்படி யாரும் கேட்டதில்லை."

அன்று மாலையே சான்றிதழ் வந்தது. "இயங்கும் தொழிற்கூடம்." கீழே நிபந்தனைகள். தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை இயங்க வேண்டும். ஆய்வின்போது காணப்பட்ட நிலையிலும் திசையிலும் மாற்றம் செய்தல் கூடாது. தொழிற்கூடத் தரையில் மரத்தூள் காணப்பட வேண்டும். திடீர் ஆய்வு எந்நாளும் நடைபெறலாம்.

செம்பியன் போன் போட்டார். "அறுக்காத மில்லுல தூள் எப்படி சார் வரும்?"

"நான் வந்தப்ப இருந்துச்சே, டிக் போட்டுட்டேன். அதை மெயின்டெயின் பண்ணுங்க."

வீடு தப்பியது. சுலோச்சனா அக்காவுக்குப் போன் செய்து அரை மணி நேரம் அழுதாள். எல்லாரும் நன்றாக இருந்தார்கள், செம்பியனைத் தவிர. ராத்திரியெல்லாம் அடையாறில் விழித்திருந்துவிட்டு வந்தால், பத்து மணிக்குத் தலைமாட்டில் மில் உறுமும். கட்டில் ஆகவேண்டிய மரத்தின்மேலேயே படுத்துப் புரண்டார். தன் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தத்தைத் தன் கையாலேயே சுவிட்ச் போட்டு ஆரம்பித்துவைக்கும் மனிதர் சென்னையில் தான் ஒருவர்தானா என்று யோசித்தார். ராத்திரி பஸ்ஸில் போகும்போது சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

இடையில் கோபாலபுரத்திலிருந்து ஜெயஸ்ரீ என்று ஒரு அம்மா காரில் வந்தார். வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளலங்காரம் செய்பவர். கருகிய மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதை மெஷினா பண்ணுச்சு?"

"ஆமாம்மா. பண்ண வராம பண்ணுச்சு."

"அதான் அழகு. ஒரு தோல்வியோட வாசனை இருக்கு. தி.நகர்ல ஒரு காபி ஷாப் பண்றேன், சுவர் முழுக்க இதான். அறுத்த மரம் இப்ப யார் சார் வைக்கிறா?"

பக்கத்துத் தெருவில் யாரோ அறுத்துவைத்த பலகைகளைக் கொண்டுவந்து, செம்பியனின் மில்லில் கருக்கி எடுத்துப் போனார். அறுக்கும் மில்லில் அறுபட்ட மரம் அறுக்காத மில்லுக்கு வந்துதான் அந்தஸ்து பெற்றது.

மரத்தூள்தான் தீராத பிரச்சினை. முதல் நாள் விழுந்த ஒரு கைத்தூளைப் பத்து நாள் பரப்பி, அள்ளி, பரப்பிப் பார்த்தார்கள். டிக் போடுகிற அளவுக்குத் தேறவில்லை. செம்பியன் மயிலாப்பூரில் ஒரு பெரிய சா மில்லில் ஒரு மூட்டை வாங்கி வந்து அதோடு கலந்து பரப்பினார். ஆனால் சுலோச்சனாவுக்கு வெள்ளிக்கிழமையானால் வீடு பெருக்கியாக வேண்டும், பெருக்கியதை வாசலில் வைத்தாக வேண்டும். பழைய பேப்பர் வண்டிக்காரர் மூட்டையோடு எடுத்துப் போய்விடுவார். மறுபடி மயிலாப்பூர். மறுபடி மூட்டை.

இப்படி மூன்றாவது முறை போனபோது, மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்த்த செம்பியன் அப்படியே நின்றார். தூளுக்குள் சிவப்பாகக் குங்குமம்.

மில் முதலாளி கணேசமூர்த்தி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்லாவுக்குமேல், கண்ணாடி போட்ட ஃபிரேமில் "இயங்கும் தொழிற்கூடம்" சான்றிதழ். செம்பியன் உள்ளே எட்டிப் பார்த்தார். பெரிய ரம்பம் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரம் ஏதும் இல்லை. எதிர்ச் சுவரில் பிள்ளையார் படம்.

"அண்ணாச்சி, இந்தத் தூள் உங்க மில்லுதானே?"

கணேசமூர்த்தி வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நமக்கே வெளியில இருந்துதான் வருது. தி.நகர் மில்லுக்காரன் அனுப்புதான்."

"அவருக்கு?"

"அவனுக்கு சைதாப்பேட்டையில இருந்து ஒரு பழைய பேப்பர் வண்டிக்காரர் கொண்டாந்து குடுக்காராம். அங்க பெரிய மில்லு ஒண்ணு இருக்காம்லா, வாராவாரம் மூட்டை மூட்டையாத் தூள் தள்ளுதாம். அறுத்தா அவன மாதிரி அறுக்கணும்வே."

செம்பியன் மூட்டையை சைக்கிளில் கட்டி அடையாறு போனார், ராத்திரி வேலை பார்த்தார், காலையில் வீட்டுக்கு வந்து தூளைத் தரையில் கொட்டினார்.

சுலோச்சனா குனிந்து ஒரு பிடி அள்ளினாள். "இன்னாய்யா இது, நம்ம குங்குமம் மாதிரி கீது."

"நம்மளுதுதான். ஊரைச் சுத்திக்கினு வந்துகீது."

"எப்படிச் சுத்திச்சு?"

செம்பியன் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். சைதாப்பேட்டை, மேலே தி.நகர், அந்தாண்ட மயிலாப்பூர், கீழே அடையாறு, மறுபடி சைதாப்பேட்டை. சுலோச்சனா தலையைச் சாய்த்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முருகன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வலமாத்தான் சுத்தியிருக்குது," என்றாள் நிம்மதியாக. "மணி பத்தாச்சு. சுவிட்சைப் போடு."

செம்பியன் போட்டார்.