மேசைக்கு அடியில் விழுந்த பேனா

விஸ்வநத்தம்,
ஆடி 7, புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் திரு. காளீஸ்வரன் அவர்களுக்கு,

தங்கை கணவன் கண்ணுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் தங்கை யோகலட்சுமியும், தங்கள் மருமகள் ஸ்ரீமதியும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் தங்கள் மருமகள் பத்து நாளாக எடுத்த கணக்குப்படி இந்த வீட்டில் ஒருத்தரும் நலமில்லை. அதிலும் நான் ரொம்ப நலமில்லை. ஆகவே முறையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சைக்காலஜிப் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டது நீங்கள். தாய்மாமன் நான் இருக்கேன் என்று மதுரைக் காலேஜில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். அதே கையால் அவளை அங்கிருந்து எடுத்து பி.காமில் போட வேண்டியதும் நீங்கள்தான். போனில் சொல்லியிருக்கலாம், போனில் பேசினால் எனக்குச் சத்தம் கூடிவிடுகிறது, அதற்கும் அவள் ஒரு பேர் வைத்திருக்கிறாள், அதனால்தான் கடிதம்.

ஏதோ ஆய்வாம், வீட்டிலும் தெருவிலும் மனிதர்களைக் கவனித்து எழுத வேண்டுமாம், அதற்கு லீவு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வந்த அன்றே ஒரு தாளைக் கொடுத்து எங்கள் இருவரையும் டிக் அடிக்கச் சொன்னாள். மனுச குணத்தை ஐந்தாகப் பிரித்து மார்க் போடுகிறார்களாம். உங்கள் தங்கைக்கு ஒத்துப்போகும் குணத்தில் தொண்ணூற்று நாலு வந்தது. அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவள் எதற்கும் ஒத்துப்போவதில்லை. எனக்குப் பதற்றம் என்ற பாடத்தில் நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட நான் அப்படி வாங்கியதில்லை, மச்சான். நம்ம லேபிள் அடித்துக் கொடுக்கும் பிரஸ்காரர் பாண்டிச்செல்வம் புது லேபிள் காட்ட வீட்டுக்கு வந்தார், அவரை உட்காரவைத்து, "மாமா, உங்களுக்குத் தன்னையே ரசிக்கிற கோளாறு கொஞ்சம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுசன் வருஷா வருஷம் காலண்டரில் சாமி படத்தைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போடுகிறார், அது ஊருக்கே தெரியும், அதை முகத்துக்கு நேரே சொல்வார்களா? இருந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போனவர், வீட்டுக்குப் போய் அர்த்தம் பார்த்திருக்கிறார். ஐந்து நாள் லேபிள் வரவில்லை. சீசன் ஆரம்பிக்கிற நேரத்தில் லேபிள் இல்லாத வெடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்து என் செம்புத் தகட்டுக்கு வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகும் எவரும் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இது சட்டம். வீட்டிலும் அதைப் போல் ஏழு தகடு அடித்திருக்கிறேன்: தெருவாசல், அடுப்படி, குளியலறை, சாமி ரூம், இப்படி. சென்ற பொங்கலுக்கு நீங்களே தொட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் மரியாதை. இவள் கேட்கிறாள்: "அப்பா, கம்பெனிக்குச் சரி. சாமி ரூமுக்கு எதுக்குப்பா?" அங்கே கற்பூரம் இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, எதற்கு என்று கேட்டால் என்ன அர்த்தம்? ஒரு நாளைக்கு நான் நூற்றுப் பத்து தடவை தகடு தொடுகிறேன் என்று நோட்டில் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். பெற்ற தகப்பனை!

இதெல்லாம் போகட்டும். போன வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பாடப் புத்தகத்தில் ஒரு சோதனை இருக்கிறதாம். ரோட்டில் ஒருத்தர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தால் யாரும் சட்டை செய்ய மாட்டார்களாம். மூன்று பேர் சேர்ந்து பார்த்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்களாம். பட்டப்பகலில் உங்கள் தங்கையையும் எதிர்வீட்டு அருணாதேவியையும் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப் முக்கில் நின்று மூவரும் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் விமானமா, பட்டமா என்று கேட்டிருப்பார்கள். நம்ம சிவகாசிப் பக்கத்தில் நாலு பேர் வானத்தைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மச்சான். அது எந்தச் சீமையிலோ புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாது. விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்த கழுதைக்குத் தெரிய வேண்டாமா? டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். "எந்தப் பக்கம்லே புகை?" என்று ஒருத்தன் கேட்க, "மேக்கால" என்று ஒருத்தன் சொல்ல, "புதுப்பட்டி ரோட்டுப் பக்கம்" என்று ஒருத்தன் சேர்க்க, ஐந்தே நிமிஷத்தில் வெடித்தது என் கம்பெனிதான் என்று ஆகிவிட்டது. சத்தத்தைத் தன் காதால் கேட்டதாக மூன்று பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள். இவள் அழுதுகொண்டே, "ஒண்ணுமில்லீக, சும்மாதான் பாத்தோம்" என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தரும் நம்பவில்லை. பெண்கள் தலைவிரிகோலமாய் ஷேர் ஆட்டோவில் ஏறி, பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு என் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். புதுப்பட்டி ரோட்டில், என் கம்பெனியில், என் ஆபீஸ் நாற்காலியில் இருந்தேன். பாண்டிச்செல்வம் போன் அடித்து, "அண்ணாச்சி, உங்க கம்பெனி வெடிச்சிருச்சாம்லா, நீங்க உசுரோட இருக்கீகளா?" என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லா ரூமும் இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, மரத்தில் காக்காய் இருக்கிறது. இருந்தும் நான் நம்பினேன், மச்சான். என் கம்பெனிக்குள்ளே உட்கார்ந்துகொண்டே அது வெடித்துவிட்டது என்று நம்பினேன். அந்த நேரம் பார்த்து என் பேனா மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தேன். சின்னப் பேனா, கிடைக்க நேரமாகும் அல்லவா, இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் வெளியே மணி அடித்து அறுபத்திரண்டு பேரும் வரிசையாகக் கேட்டுக்கு வெளியே போய்விட்டார்கள். எங்கள் போர்மேன் மூக்கம்மாள் தலை எண்ணிப் பார்த்து ஒரு தலை குறைகிறது என்று உள்ளே வந்திருக்கிறாள். "மொதலாளி, இங்கன என்ன செய்யுதீக?" என்றாள். "பேனா விழுந்திருச்சு" என்றேன். "சரி, மெதுவா தேடுங்க" என்று சொல்லிவிட்டு, மேசைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் வெளியே வரும்வரை அங்கேயே இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் உங்கள் மருமகள் என்னைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு அந்த விபத்துலேருந்து மனசுல காயம் இருக்கு, இது ஒரு நோய், மருந்து இருக்கு, டாக்டர் இருக்காக" என்கிறாள். தெருவையே கலைத்துவிட்டது அவள், நோய் எனக்காம்!

விபத்து என்று அவள் சொல்வது நாலு வருஷம் முந்தி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என் சிநேகிதன் மணிகண்டராஜின் பட்டாசு யூனிட்டில் நடந்தது. நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவன் டீ பிளாஸ்க்கை எடுத்துவர உள்ளே போனான். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

அவள் அதோடும் விடவில்லை. மறுநாள் கம்பெனிக்கே வந்து சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் பேசினாள். உங்களுக்கே தெரியும், ஆடிப்பெருக்கன்று பூஜை முடிந்ததும் முதலாளி கையால் முதல் வெடி வைத்துத்தான் நாங்கள் சீசனைத் தொடங்குவது. மூன்று வருஷமாக என் கையால் வைத்த வெடி வெடிக்கவே இல்லை. புஸ்ஸென்று புகை வந்து அடங்கிவிடும். காற்றில் ஈரம் என்று நான் வெளியே சொல்வேன். உள்ளுக்குள், இருக்கன்குடி மாரியாத்தா என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து வருஷம் தவறாமல் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தேன். இப்போது தெரிகிறது பார்த்துக்கொண்டது யார் என்று. மருந்து அடைக்கும் பாலகுரு, எனக்கு வைக்கும் வெடியில் செம்மண்ணை அடைத்திருக்கிறான். அது தெரியாமல் மூக்கம்மாள் அதன் திரியை நனைத்து வைத்திருக்கிறாள். அதுவும் தெரியாமல் வாட்ச்மேன் அய்யப்பன் விடியும் முன்பே அந்த இடத்தில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இது ஒன்றும் தெரியாமல் உங்கள் தங்கை, காதுவலி மருந்து என்று சொல்லி ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் என் ரெண்டு காதிலும் பஞ்சு அடைத்திருக்கிறாள். ஒரு வெடியை நாலு பேர் நாலு தடவை கொன்றிருக்கிறார்கள்! ஸ்ரீமதி சொல்கிறாள்: "அப்பா, எல்லாருக்கும் தெரியும். ஆனா தனக்கு மட்டும்தான் தெரியும்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிருக்காக. இதுக்கும் பாடத்துல ஒரு பேரு இருக்கு." பேர் இருந்தால் எனக்கென்ன? என் சம்பளம் வாங்கிக்கொண்டு என்னையே ஏமாற்றியிருக்கிறார்கள்!

மூக்கம்மாளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அசையவில்லை. "கத்துங்க மொதலாளி, நல்லாக் கத்துங்க. நானே இந்த வருசம் சொல்லணும்னுதான் இருந்தேன். பதினெட்டாம் பெருக்குக்கு ஜெய்ப்பூர் யாவாரி வாராரு. அவரு முன்னாடி மண்ணை வைக்க முடியுமா? வெடிச்சா நீங்க தாங்குவீகளா? அம்புட்டுப் பேரும் ஒங்களை நம்பி இருக்கோம்" என்றாள். பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு வெடிச்சத்தம் ஆகாது என்று அந்த ஆளுக்குத் தெரிந்தால் ஆர்டர் என்ன ஆகும், அறுபத்திரண்டு குடும்பம் என்ன ஆகும், நான் எந்த முகத்தோடு சிவகாசியில் நடப்பேன்? இத்தனை நாள் மூடிக் கிடந்ததைத் திறந்தது யார்? அந்தப் படிப்பு. அதில் சேர்த்தது யார்? நீங்கள். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. உடனே கிளம்பி வந்து, அவளுக்குப் புத்தி சொல்லி, அந்தத் தடிப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவும். வராவிட்டால் தாய்மாமன் சீர் என்று இந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். அவர்களுடைய முட்டுவலி தேவலையா? எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். தங்கள் மேல் உள்ள கோபம் மாறாமல்,

தங்கள் மைத்துனன்,
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டபோது ஸ்ரீமதி எடுத்து வந்தாள். கடிதத்தைப் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, மணிகண்டராஜ் மாமா அன்னைக்கு எதுக்கு உள்ள போனாக?" என்று மட்டும் கேட்டாள். டீ கேட்டது நான்தான், மச்சான். அவன் வேண்டாம்னுதான் சொன்னான், நான்தான் ஒரு வாய் குடிச்சிட்டுப் பேசுவோம்லே என்றேன். நாலு வருஷத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வர வேண்டாம். வருகிற திங்கட்கிழமை நான்தான் அவளோடு மதுரைக்கு வருகிறேன், ஒரு டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்கு வருவோம், அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டாம். முதல் வெடியை இந்த வருஷம் மூக்கம்மாள் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், உள்ளே நிஜ மருந்தே இருக்கும், நான் எட்டத் தள்ளி நிற்பேன், ஜெய்ப்பூர்காரர் கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வேன். சாமி ரூம் தகட்டைக் கழற்றிவிட்டேன், மற்ற ஆறும் இருக்கிறது. படிப்பை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. மேசைக்கு அடியில் பேனா எதுவும் விழவில்லை. அது என் சட்டைப் பையில்தான் இருந்தது, இந்தக் கடிதத்தை எழுதியதும் அதில்தான்.