அது வேற, இது வேற

யானை ஊருக்குள் வந்தால் ஓசூரில் மறுநாள் செய்தி வரும். தனிமனித உரிமைக் காவலர் தினமும் ஊருக்குள் வருகிறார். அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்தக் குறையைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அடையாளம் காண்பது எளிது. டீக்கடையில் எல்லோரும் நாளிதழை விரித்துப் படிக்கும்போது, அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பவர் அவர். படிக்கும் அவசியம் அவருக்கு இல்லை. செய்தி எதுவானாலும் கருத்து நேற்றே தயார். ஹெல்மெட் போடச் சொன்னால் என் தலை என் உரிமை என்பார். வெளிவட்டச் சாலைக்கு யாருடைய நிலத்தையாவது அளந்தால் சொத்துரிமை செத்துவிட்டது என்பார். வரி என்பது சட்டம் போட்டுச் செய்யும் வழிப்பறி என்பார். கர்நாடக எல்லைக்கு எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கம் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு, இரண்டு அரசாங்கங்களையும் ஒரே டேங்கில் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அவர் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை வந்ததே, அது? அங்கேதான் இந்த இனத்துக்கே உரிய குரல் வெளிப்படும்:

"அது வேற, இது வேற."

கிளிக்கு மூக்கு எப்படியோ, இவருக்கு இந்த நாலு சொல் அப்படி.

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குடியிருப்பில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று வசிக்கிறது. பெயர் கமலக்கண்ணன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் மேலாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, மூன்று மாடி கட்டியவர். கீழே அவரும் குடும்பமும். மேலே இரண்டு மாடிகளிலும் தேனி, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்கு.

காலையில் லால் பாஷா டீக்கடையில் அவர் தொடங்குவார்.

"நான் கேக்கறேன், அரசாங்கம் யாரு? நான் எப்ப தூங்கணும், எப்ப எழுந்திரிக்கணும்னு சொல்ல அது யாரு?"

"சக்கரை போடலாமா சார்?" என்பார் லால் பாஷா. "உங்க சம்மதம் இல்லாம போட்டா உரிமை மீறல் ஆயிடும்."

வீடு திரும்பினால் மாடிப்படிச் சுவரில் அவரே எழுதி ஒட்டிய விதிகள் இருக்கும். படியில் செருப்பு கூடாது. கொடியில் போர்வை காயப்போடக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. விருந்தினர் கூடாது. இரவு ஒன்பதரைக்கு கேட் பூட்டப்படும். சாவி வீட்டுக்காரரிடம் மட்டும் இருக்கும். ஒரு சின்ன அரசாங்கமே அந்தச் சுவரில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மாடியில் இருக்கும் வினிதாவுக்கு அந்தக் கடைசி விதிதான் வினையானது. அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அடுத்த மாதத்திலிருந்து அவளுடைய லைனை இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றுகிறார்கள். கம்பெனி பஸ் முனையில் இறக்கிவிடும்போது பதினொரு மணி ஆகிவிடும். ஷிப்டு வேண்டாம் என்றால் வேலை வேறொருத்திக்குப் போகும். ஒப்பந்தத் தொழிலாளியை யார் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள்? ஆக, கேட்டுக்கு ஒரு சாவி கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் வேலையையோ அறையையோ விட வேண்டும். கேட்டுப் பார்த்தாள்.

கமலக்கண்ணன் அன்பாகத்தான் மறுத்தார். "இங்க பாரும்மா, ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டதுதான் ஒப்பந்தம். ஒன்பதரைன்னு ஒத்துக்கிட்டுத்தான வந்த? உன்ன யாரும் கட்டாயப்படுத்தல. பிடிச்சா இரு, பிடிக்கலன்னா வேற எடம் பாரு. இதுக்குப் பேருதான் சுதந்திரம்."

"பஸ்ஸு பதினோரு மணிக்குத்தான் சார் வரும்."

"அது கம்பெனிக்கும் உனக்கும் உள்ள ஒப்பந்தம். அது வேற, இது வேற."

இந்த இடத்தில் இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் தெருவில் இரண்டு பைக்குகள் திருடு போயின. உடனே குடியிருப்போர் சங்கம் கூடியது. கூட்டம் நடத்த இடம் கொடுத்தவர் கமலக்கண்ணன்தான். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, சொந்தச் செலவில் பிஸ்கட்டும் வைத்திருந்தார். சங்கச் செயலாளர் முனிராஜ் எழுந்து, தெருமுனையில் இரும்பு கேட் வைத்து இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடலாம், சாவி சங்கத்திடம் இருக்கட்டும் என்றார்.

கமலக்கண்ணன் எழுந்த வேகத்தில் பிஸ்கட் தட்டு கவிழ்ந்தது.

"நான் எப்ப வரணும், எப்ப போகணும்னு சொல்ல நீங்க யாரு? பெரும்பான்மை சொல்லிட்டா என் உரிமை போயிடுமா? வளர்ந்த மனுஷன நேரம் பாத்து உள்ள விடறது ஒழுக்கமா? ஒருத்தன் தப்பு பண்ணுவான்னு ஊரையே பூட்டுவீங்களா? சாவிங்கறது இரும்பு இல்ல சார், அது மனுஷனோட மரியாதை."

அருமையான பேச்சு. சொல்லிவிட வேண்டியதுதான், அதில் ஒரு வரிகூடத் தவறில்லை. மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் யாரோ கைகூடத் தட்டினார்கள். நடுத்தெருவில் நின்று கேட்டிருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

முனிராஜ் அசையவில்லை. "பிடிச்சா இருங்க சார். பிடிக்கலன்னா வேற தெரு பாருங்க."

இந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி கமலக்கண்ணனுக்கு ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். முகம் அப்படிக் கோணியது. ஆனால் உரிமைக் காவலர்கள் கணத்தில் மீண்டுவிடுவார்கள். ஓட்டெடுப்பு வைத்துவிடலாம், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று முனிராஜ் சொன்னதும் அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு ஓட்டுப் போடுமா? சுவரு கையத் தூக்குமா? ஆளுக்கு ஒரு ஓட்டு. தனிமனுஷன்தான் சார் எல்லாத்துக்கும் அடிப்படை."

"சரி சார், ஆளுக்கு ஒண்ணு. குடித்தனக்காரங்களும் ஆளுங்கதான். ஞாயித்துக்கெழம கையத் தூக்கட்டும்."

தெருவிலேயே அதிகக் குடித்தனம் வைத்திருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கமலக்கண்ணனுக்கும் தெரியும். அன்று சாயங்காலமே, விதிப்படி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

வினிதா கதவைத் திறந்தாள். அவர் உரிமை, ஒழுக்கம், தனிமனிதன் என்று மூன்றையும் வாசலில் இறக்கி வைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஓட்டுப் போடுறோம் சார். கேட்டுச் சாவி ஆளுக்கு ஒண்ணு குடுங்க."

"இது பேரமாச்சேம்மா. உரிமைல பேரம் பேசறது ஒழுக்கமில்ல."

"பேரம் இல்ல சார், ஒப்பந்தம். ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டா ஒப்பந்தம்னு நீங்கதான சொன்னீங்க? உங்களுக்கு ஓட்டு வேணும், எங்களுக்குச் சாவி வேணும்."

"அது வேற..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு மீதிப் பாதி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப் பெண்களின் ஓட்டால் தெரு கேட் யோசனை தோற்றது. கமலக்கண்ணன் வாக்குத் தவறாதவர். திங்கட்கிழமையே சாவிகளைக் கொண்டுவந்து, படிக்கட்டில் நிற்கவைத்து, பரிசளிப்பு விழா மாதிரி ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்தார். ஒரு சிறிய உரையும் நிகழ்த்தினார். மறுநாள் லால் பாஷா கடையில், இந்தப் பகுதியிலேயே பெண்களுக்குச் சாவி கொடுத்த ஒரே வீடு தன்னுடையதுதான் என்று அறிவித்தார். சாவியைக் கேட்டது யார் என்பது உரையில் இடம்பெறவில்லை.

இன்னொன்றும் இடம்பெறவில்லை. சாவி கொடுக்கும்போது வாசலில் அவருடைய மகள் சுப்ரியா நின்றிருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வினிதாவைவிட இரண்டு வயது மூத்தவள். எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு உத்தரவு.

"அப்பா, எனக்கு ஒண்ணு?"

இப்போது அவருக்கு முழுதாக வந்தது.

"அது வேற, இது வேற."

சுப்ரியா உள்ளே போய்விட்டாள். படிக்கட்டில் நின்ற வினிதா தன் கையிலிருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் பஸ் நிலையத்துப் பக்கம் சாவி போடுகிறவரிடம் நின்றதாக லால் பாஷா சொல்கிறார். கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான் விசாரிக்கவில்லை. அது அவளுடைய தனிமனித உரிமை.

இவ்வளவு நேரம் கமலக்கண்ணனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஒரு சந்தேகம்: உங்கள் வீட்டில் எத்தனை பேர்? வாசல் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? இல்லாதவர் யார், ஏன் இல்லை? கோபப்படாதீர்கள், சும்மா கேட்டேன். "எங்க வீட்டு விஷயம் வேற" என்று உதடு அசைகிறது பாருங்கள். அசைந்தால் தப்பில்லை. நாளைக் காலை லால் பாஷா கடைக்கு வந்துவிடுங்கள். நாளிதழை விரிக்க வேண்டாம். மடித்து அக்குளில் வைத்துக்கொண்டால் போதும்.