ஒத்துக்கொள்ளாத வண்டி

காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். ஹாரன் அக்காவின் வண்டி எண்ணை மட்டும் யாரும் கூப்பிடுவதாகக் காணோம்.

அந்தப் போக்குவரத்து நீதிமன்றத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. வண்டி எண்தான். குமாஸ்தா எண்ணைக் கத்துவார். யாராவது விழுந்தடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். மாஜிஸ்ட்ரேட் தலை நிமிராமலே கேட்பார்.

“ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறேன் ஐயா.”

“கட்டுங்க. அடுத்து!”

ஆளுக்கு அரை நிமிஷம். ஊசி போடுகிற இடத்தில்கூட இதைவிட நேரமாகும். அங்கே போட்ட இடத்தையாவது தேய்த்துவிடுவார்கள். சுவர் முழுக்க ‘பணம் கட்டுமிடம்’ என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். வேறு எதற்கும் அம்புக்குறி இல்லை. இங்கே வந்தவர்களுக்கு நீதி கிடைத்ததோ என்னவோ, ரசீது கிடைக்காமல் போனதில்லை.

ஹாரன் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்தப் பெயரை வைத்தது வேனில் போகிற பிள்ளைகள். அவள் செய்த குற்றம், பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கியது. வருஷக்கணக்காக அங்கேதான் இறக்குகிறாள். ஒருநாள் விடிந்தபோது வாசலில் ஒரு கம்பம் முளைத்திருந்தது. ‘இங்கே வண்டியை நிறுத்தாதே’. கம்பத்தின் ஈரப் பெயின்ட் காய்வதற்குள் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளும் முளைத்துவிட்டார்.

மற்ற வேன்காரர்கள் தலையெழுத்தே என்று கட்டிவிட்டார்கள். ஹாரன் அக்கா போன வாரமே நேரில் வந்து, ‘குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு விசாரணை.

பள்ளிக்கூட மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். “கேஸ் இருக்கிற வண்டியில நான் பிள்ளைங்களை அனுப்ப முடியாதும்மா. இன்னிக்கு சாயங்காலம் பிள்ளைங்க வெளிய வர்றதுக்குள்ள, முடிஞ்சதுன்னு ஒரு பேப்பரோட வாங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற வேன் பாத்துக்கறேன்.”

ஜெயித்த பேப்பரா, கட்டின பேப்பரா என்பதில் அவருக்கு அக்கறையில்லை. அவளுக்கு இருந்தது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்வதற்கு ஒரு கேள்வியைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். “ஐயா, ஸ்கூல் வேன் ஸ்கூல் வாசல்ல நிக்காம, பிள்ளைங்களை ஓட ஓடவா இறக்கிவிடும்?” இதை அவள் தூக்கத்தில் சொல்லிப் பார்த்ததில் பக்கத்தில் படுத்திருந்த புருஷன் பதறி எழுந்து, “நான் ஒத்துக்கறேன் தாயே, என்னை விட்டுடு” என்று கும்பிட்டிருக்கிறான்.

குமாஸ்தாவிடம் போய் நின்றாள்.

“சார், நாப்பத்தொண்ணு பதினேழு எப்ப வரும்?”

“வரும் வரும். உக்காருங்க.”

“லிஸ்ட்ல இருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்.”

“ஒவ்வொருத்தருக்கும் லிஸ்ட்டைப் பாத்துட்டிருந்தா நான் எப்பம்மா லிஸ்ட்டைப் படிக்கறது?”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், பணத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தார்.

“உங்களுக்கு என்ன கேஸ் அண்ணே?”

“போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டினேனாம். எனக்குக் காது அரிச்சுதும்மா. சொறிஞ்சேன். கேமரா புடிச்சிடுச்சு.”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கப் போறீங்க?”

“ஒத்துக்காம இருக்கலாமா?”

“ஒத்துக்கறியான்னு கேக்கறாங்கல்ல? அப்ப ரெண்டு பதில் இருக்கணும்ல?”

குழாய்க்காரர் சுருட்டிய நோட்டைப் பார்த்தார். அதைச் சட்டைப்பையில் போட்டார். அவர் எண் வந்தது.

“ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கலைங்க ஐயா.”

மாஜிஸ்ட்ரேட் அன்றைக்கு முதல் முறையாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “என்ன சொன்னீங்க?” என்றார்.

“போன் இல்லைங்க ஐயா. காது அரிச்சுது.”

“எந்தக் காது?”

“இதுங்க.”

“கொஞ்சம் இப்படித் திரும்புங்க.”

மாஜிஸ்ட்ரேட் எட்டிப் பார்த்தார். படிப்பு முடித்து வந்த நாளிலிருந்து கட்டுங்க, கட்டுங்க என்று சொல்லியே காலம் தள்ளிய மனிதர். ஒரு காதையாவது விசாரிக்கக் கிடைத்ததே என்று அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. சாவகாசமாக எல்லாவற்றையும் கேட்டு, வேறு தேதி போட்டுக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அடுத்த ஆளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மாளுக்குக் குறுக்கே நாய் வந்திருந்தது. என்ன நிறம் என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட். ஒருவருக்கு சிக்னல் பச்சையிலிருந்து மஞ்சளைப் பார்க்காமலே சிவப்புக்குத் தாவியிருந்தது. அரை நிமிஷ வேலை ஆளுக்குக் கால் மணி நேரமாகிவிட்டது. வரிசை நகரவே இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் ஹாரன் அக்காவுக்கு உறைத்தது. அடுத்துக் காத்திருந்த ஆளின் பக்கம் குனிந்து, “அண்ணே, நீங்களாவது சட்டுனு ஒத்துக்கிட்டுப் போயிடுங்களேன்” என்று கெஞ்சினாள்.

“அதெப்படி? எனக்கு மட்டும் மானம் இல்லையா?”

குமாஸ்தா அவளைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்.

“கிளப்பிவிட்டது நீங்கதானா? மாசக் கடைசிம்மா இது. எவ்வளவு வந்துச்சுன்னு மேலிடத்துல கேப்பாங்க. நீங்க பாட்டுக்கு உக்காந்த இடத்துலயே ஊரையே நிரபராதி ஆக்கிட்டீங்களே!”

“என் கேஸைக் கூப்பிட்டிருந்தா நான் ஏன் சார் இங்க உக்காந்திருக்கப் போறேன்?”

“வரும், வரும்.”

அதற்குள் செல்போன் அடித்தது. கோர்ட் வாசலில் வேனுக்குக் காவலாக விட்டு வந்த நாத்தனார்.

“அண்ணி! வண்டிச் சக்கரத்துல பூட்டுப் போடறாங்க!”

“நீ உள்ளதானேடி உக்காந்திருக்கே?”

“ஆமா. என்னையும் சேத்துத்தான் பூட்டறாங்க.”

ஓடினாள். பார்த்தால் அதே கான்ஸ்டபிள், பள்ளிக்கூட வாசலில் முளைத்தவர், குந்தி உட்கார்ந்து பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் சார், எங்க போனாலும் எனக்கு முன்னாடியே வந்து நிக்கறீங்க?”

“கோர்ட் வாசல்ல நிறுத்தக் கூடாதும்மா.”

“கோர்ட்டுக்கு வர்றவங்க எங்கதான் நிறுத்தறது?”

“வீட்டுல நிறுத்திட்டு வரலாமே.”

“நீங்க இன்னிக்கு என் கேஸுக்கு சாட்சி சொல்லணும்ல? உள்ள வராம இங்க என்ன பண்றீங்க?”

“போகணும்தான்.” அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. “இந்த வெயில்ல நிக்கறதுக்கு எனக்கு மட்டும் ஆசையா? அதிகாரி சொன்ன கணக்குக்கு இன்னும் பத்து வண்டி குறையுது. உள்ள போய் கட்டிட்டு, ரசீதைக் காட்டுங்க. பூட்டைக் கழட்டிடறேன்.”

நாத்தனார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். “அண்ணி, ஸ்கூல் விடற நேரமாச்சு. பிள்ளைங்க ரோட்டுல நிக்கும். வீம்பெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். ரெண்டையும் கட்டித் தொலைங்க!”

ஹாரன் அக்காவுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் புத்தகப்பையை இறுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் சின்ன முகங்கள் மனதில் வந்து நின்றன. நியாயம் நாளைக்கும் இருக்கும். பிள்ளைகளை இன்றைக்கே ஏற்றியாக வேண்டும். உள்ளே போனாள்.

“சார், பூட்டுக்கும் கட்டறேன். பழைய கேஸுக்கும் கட்டறேன்.”

குமாஸ்தா முகம் மலர்ந்தது. பட்டியலை மேலும் கீழும் தடவினார். “நாப்பத்தொண்ணு பதினேழு இதுல இல்லவே இல்லையேம்மா.”

“அப்ப என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம், கையால எழுதிக்கறேன். கட்டணும்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

கையோடு அவளை முன்னால் நிறுத்தினார். மாஜிஸ்ட்ரேட் ஆசையாக நிமிர்ந்து பார்த்தார்.

“ஒத்துக்கறீங்களா?”

ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேள்வியை விழுங்கினாள்.

“ஒத்துக்கறேன் ஐயா.”

“ப்ச்” என்றார் மாஜிஸ்ட்ரேட். “நல்லாப் போயிட்டிருந்துது. சரி, கட்டுங்க.”

இரண்டு ரசீதுகளையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடியவள், மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு கோர்ட் டவாலிச் சேவகர்மேல் மோதிக்கொண்டாள். ரசீதுகள் பறந்தன. அவர் நிதானமாகக் குனிந்து பொறுக்கினார். மேலே இருந்ததைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாப்பத்தொண்ணு பதினேழு நீங்கதானா? ஒத்துக்கலைன்னு எழுதிக் குடுத்தவங்க கேஸெல்லாம் மாடியிலல்ல நடக்குது! சாட்சி சொல்ல போலீஸ்காரர் வரலைன்னு காலையில முதல் வேலையா உங்களை விடுதலை பண்ணியாச்சேம்மா, இதை எதுக்குக் கட்டினீங்க?”